கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை

இந்த ராட்டர்டாம் பட்டணத்துக்கு வந்த மறுநாள், அடுத்த வீட்டு அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து மெல்லிய தாளில் தூளைப் பரப்பி, விரலால் உருட்டி, நாக்கால் நனைத்து ஒட்டிப் பற்ற வைத்ததைப் பார்த்து எனக்குக் கை கால் ஓடவில்லை. நம் தூத்துக்குடியில் பீடி கட்டாக வரும், சிகரெட் பெட்டியில் வரும். தானே தாளில் சுருட்டிக் குடிக்கிறவன் என்றால் அவன் கஞ்சாக்காரன். ஐம்பது வயசுப் பெண்பிள்ளை, பட்டப்பகலில், வாசற்படியிலா? துறைமுக வேலை முடிந்து மகன் மிக்கேல் வந்ததும் குசுகுசுவென்று சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அது வெறும் புகையிலையாம். இங்கே பாதி சனம் அப்படித்தான் சுருட்டுமாம்.

அந்த அம்மாள் பெயர் தீனா. அவளும் சும்மா இருக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த தகர டப்பாவைத் திறந்து நான் ஒரு துணுக்குப் புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்குவதைப் பார்த்துவிட்டு, அது ஹஷீஷா என்று மிக்கேலிடம் கேட்டிருக்கிறாள். ஹஷீஷ் என்றால் கஞ்சாப் பிசின். அன்று முதல் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொள்வோம், சந்தேகம் முழுசாகத் தீராமலே.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போவார். முங்கி முங்கி எழுந்து கரைக்கு வரும்போது உதடு நீலம் பாய்ந்திருக்கும். “ஏளா, கடல்ல இருந்து வாரவனுக்கு ஒரு சூடு வேணும்லா” என்பார். அப்போது மதுவிலக்கு. உடைமரக் காட்டில் காய்ச்சினதைக் குடித்தார். போலீஸ் கெடுபிடியில் அதுவும் கிடைக்காத நாளில் மர வேலைக்காரரிடம் வார்னிஷ் வாங்கிக் குடித்தார். வார்னிஷ்தான் அவரைக் கொண்டுபோயிற்று. பிற்பாடு சர்க்காரே சில வருஷம் கடை திறந்தது, மறுபடி பூட்டியது. திறந்தபோது எங்கள் தெரு ஆண்கள் கடைக்குப் போனார்கள், பூட்டியபோது காட்டுக்குப் போனார்கள். வழிதான் மாறியது.

மிக்கேல் இங்கே குளிர்காற்றில் கப்பல் சரக்கு இறக்குகிறான். வீட்டுக்கு வந்ததும் யெனேவர் என்கிற சாராயத்தைச் சின்னக் கிளாசில் ஊற்றுவான். பிறகு இன்னொன்று. பிறகு புட்டி மேசையிலேயே இருக்கும். “இந்தக் குளிருக்கு ஒரு சூடு வேணும்மா” என்பான். அப்பன் சாகும்போது இவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. அந்தச் சொல் எப்படி இவன் வாய்க்கு வந்தது?

எங்கள் தெருமுனையில் இளவட்டங்கள் கூடும் வீடு ஒன்று உண்டு. அங்கே ஹஷீஷ் விற்க விடலாமா என்று பேச, ஞாயிறு பூசைக்குப் பிறகு மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தோளில் முடி புரளும் ஒரு பையன் பேசினான். மிக்கேல் என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பீரும் சிகரெட்டும் கொல்லுகிற அளவுக்கு இது கொல்லாதே, அதுகளுக்குக் கடை, எங்களுக்கு மட்டும் போலீசா என்று கேட்டான் அந்தப் பையன். நியாயம்தான் என்று பட்டது. தீனா விரலிடுக்கில் சிகரெட் புகைய எழுந்து, அந்த விஷம் தெருவுக்குள் வரவே கூடாது என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது, சாம்பல் அவள் பாவாடையில் விழுந்ததைத் தவிர.

பிறகு பூசை வைத்த சாமியார் என் பக்கம் திரும்பி, கஞ்சா விளைகிற தேசத்து அம்மா என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டார். நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்தது கிடையாது. ஜெபமாலைகூட முணுமுணுப்பாகத்தான் சொல்வேன். ஆனாலும் எழுந்தேன்.

“பூட்டி வச்சா வார்னிஷ் குடிக்காங்க. திறந்து வச்சா தினமும் குடிக்காங்க. அந்தப் பயலுவள செயில்ல போடாதீங்க. ஆனா கெடுதல் இல்லன்னு அவனுவகிட்டச் சொல்லவும் செய்யாதீங்க. எம் புருசன் குடிச்சுத்தான் போனாரு. எம் மவனும் அந்த வழியிலதான் நிக்கான். ஏலே, அப்படியே சொல்லு.”

மிக்கேல் டச்சில் சொன்னான். மண்டபம் ‘உச்’ கொட்டியது. ஆனால் ஒருத்தரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிப் பேச்சை அவன் விழுங்கிவிட்டான் என்று அப்போது தெரிந்தது. காது கேட்டுப் பழகிய சொற்களைத் தேடிப் பிடித்தேன். அவன் தோளைத் தொட்டு, “மெய்ன் ஸோன். ஓக்” என்றேன். என் மகனும்தான் என்று அர்த்தம். இப்போது எல்லாரும் பார்த்தார்கள்.

வீடு வந்து சேரும்வரை அவன் எனக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தான். கதவைச் சாத்தியதும், “எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டியே” என்றான்.

“போன மானம் வரும்லே. போன ஒங்கப்பா வரல.”

“அப்ப நீ? அந்த டப்பாக்குள்ள இருக்கது என்னதாம்? தீர்த்தமா?”

கேட்டது சரிதான். டப்பாவை எடுத்து அவன் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். “எனக்கு இது இன்னையோட சரி. அந்தப் புட்டிய நீ பாத்துக்க.” அன்றைக்கு அவன் கிளாசை எடுக்கவில்லை.

தெருமுனை வீட்டைப் பற்றி இன்னும் ஒன்றும் முடிவாகவில்லை. தீனா எங்கள் வீட்டுக்கு வரும்போது சிகரெட்டை வாசலில் அணைத்துவிட்டு வருகிறாள், போகும்போது பற்ற வைக்கிறாள். டப்பாவும் புட்டியும் அலமாரி மேல் ஒன்றாக நிற்கின்றன. சில நாள் புட்டி குறைகிறது, சில நாள் அப்படியே இருக்கிறது. டப்பாவை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன்.

பழக்கத்தில் நாக்கு மட்டும் இடது கன்னத்துக்குள் போய்த் துழாவுகிறது. தூத்துக்குடி இருந்த இடம் அங்கே காலியாகக் கிடக்கிறது. அதே நாக்கைத் திருப்பித்தான் தீனா சொல்லித்தரும் சொற்களைப் பழகுகிறேன். சாயங்காலம் வாசலில் மகன் காலடி கேட்டால் நாக்கு அந்தப் பக்கமும் போகாது, இந்தப் பக்கமும் வராது. அவன் கை முதலில் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கும்.