குழாய்க்குள் குட்டி போட்ட நாய்

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் கட்டும் சைட்டில் நான் வெல்டராக இருந்தேன். என் முதல் குழந்தை பிறந்து இரண்டாம் நாளே இறந்துவிட்டதென்று மச்சான் போனில் சொன்ன வாரம் அது. லீவு கேட்டேன். வேலை முடியட்டும் என்றார்கள். மறுநாள் டூட்டிக்குப் போனேன். அழுகை வரவில்லை. வரும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுக்கி வைத்திருந்த பெரிய குழாய்களில் ஒன்றுக்குள் ஒரு செவலை நாய் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. தூக்க வந்த கிரேன் ஓட்டுநர், பெஷாவர்க்காரர், எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். “அந்தர் பச்சா ஹை, பாய். இது மாஃபி.” உள்ளே குட்டிகள் இருக்கின்றனவாம், தூக்கமாட்டாராம். வேறு குழாயை எடுத்துப் போனார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்தேன். குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் நனைத்து வைப்பேன். நாய் கழுத்தை மட்டும் நீட்டித் தின்னும். குட்டிகளை விட்டு உடம்பை நகர்த்தாது. ஒவ்வொன்றாகப் புரட்டி அடிவயிற்றை நக்கிக்கொண்டே இருக்கும்.

“எதுக்கு இப்படி நக்குது?” என்று ரூமில் என்னோடிருந்த சிவகங்கைக்காரனிடம் கேட்டேன்.

“நக்கி விட்டாத்தான் மாப்ள குட்டிக்கு ஒண்ணுக்கு வரும். தானாப் போகத் தெரியாது.”

ஒரு மதியம் ஒரு குட்டி அசையவில்லை. நாய் நக்கியது, மூக்கால் தள்ளியது, திரும்பவும் நக்கியது. பிறகு அதைக் கவ்விவந்து வெளியே நிழலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. மற்ற மூன்றும் முட்டி முட்டிக் குடித்தன. நான் கையாலேயே மணலைத் தோண்டிக் குட்டியைப் புதைத்தேன். கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் மனைவிக்குப் போன் செய்தேன்.

“பால் கட்டிக்கிட்டு வலிக்குதுங்க. பால் வத்தணும்னு அம்மா மல்லியப்பூ வச்சுக் கட்டி விட்டிருக்கு.”

“சாப்பிட்டியா?”

“ம்.”

“இங்க ஒரு நாய் குட்டி போட்டிருக்கு” என்றேன்.

“எத்தனை?”

“மூணு.”

குட்டிகள் கண் திறந்த பிறகு, நாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வேலியைத் தாண்டி மலைப்பக்கம் போய்விட்டது. கிரேன் வந்து குழாயைத் தூக்கியது. அதைத் தொட்டியோடு நான்தான் பற்றவைத்தேன்.

லீவு கிடைத்தது அடுத்த வருஷம்தான். மனைவி வாய்க்கால் ஓரத்தில் குழந்தையைப் புதைத்த இடத்தைக் காட்டினாள். எருக்கஞ்செடி முளைத்திருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.