பீரிசில் மிஞ்சிய திருகாணி

என் ஸ்டூடியோ மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கும் பீரிசு ஒன்று கிடக்கிறது. அதில் ஒரே ஒரு சிறிய திருகாணி. கொம்பியூட்டரைக் கழற்றிய மருதமுனைத் தம்பி ஆணிகளை அதில்தான் போட்டு வைத்தார். திரும்பப் பூட்டியபோது இது மிஞ்சிவிட்டது.

யுத்தம் முடிந்த வருடம் அது. என் கடை கல்முனை பிரதான வீதியில். சில வருடங்களுக்கு முன் வந்த சுனாமி அந்த வீதிவரை ஏறவில்லை. வீட்டோடு படங்களையும் இழந்தவர்கள், கடலோடு போய் மௌத்தானவர்களின் முகம் கேட்டு அப்போதும் வந்துகொண்டிருந்தார்கள். அலுமாரியில் இருந்த நெகட்டிவ்களை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றிவிட நினைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதன் ஆங்கிலம் ஓடாது. தமிழில் ஓடும் லினக்ஸ் போட்டுத்தர அந்தத் தம்பி வந்தார்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளைப் பூட்டினார். அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்; அவரும் என்னை அப்படித்தான் அழைத்தார். "காக்கா, இது ரெண்டையும் ஒண்டாக் கட்டுறன். ஒண்டுல எழுதுறது மத்ததுலயும் எழுதுப்படும். ஒண்டு செத்தாலும் படம் சாகாது."

"ரெண்டு வாங்கியும் ஒண்டுட இடந்தானா?"

"ஓம். கஞ்சத்தனம் பாக்காதீங்க" என்று சிரித்தார். பிறகு அந்த இடத்தை வயலைப்போல் பிரித்தார். லினக்ஸுக்கு ஒரு துண்டு, படங்களுக்குப் பெரிய துண்டு, மிச்சம் தரிசு. படம் கூடினால் வரம்பை நகர்த்தலாமாம்.

திரையில் வந்த ஒரு கேள்வியைத் தம்பி வாசித்துச் சொன்னார். "இனி எழுதினா டிஸ்க்குல பழசெல்லாம் அழியும். ஓம் குடுக்கவா?" புது டிஸ்க்தானே என்றேன். அவருடைய விரல் விசைமேல் அப்படியே நின்றது. "காக்கா, என்ட கலியாணப் படம் எடுத்தது நீங்கதானே?"

வாசலில் கண்டபோதே எனக்குத் தெரியும். சொல்லக் கூச்சம். பெண்களின் படம் அந்நியர் கையில் இருக்கக்கூடாதென்று நெகட்டிவையும் கேட்டு வாங்கிப்போவது எங்களிடம் வழக்கம். இவரும் வாங்கினார். "ஒரு பிரதியும் கடையில கிடக்கப்படாது" என்றார். வாக்குக் கொடுத்தேன். சில மாதங்களில் கடல் அவர் மனைவியையும் எடுத்தது, வீட்டிலிருந்த அந்தப் படங்களையும் எடுத்தது.

"களவா ஒண்டாவது வெச்சிருப்பீங்கெண்டு நினைச்சன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

"இல்ல தம்பி. எல்லாத்தையும் தந்திட்டன்."

"ஓம். நீங்க நல்ல மனிசன்." விசையை அழுத்தினார்.

அந்தப் பாராட்டுக்குக் கூசியதுபோல் நான் எந்த ஏச்சுக்கும் கூசியதில்லை. அந்தப் பெண்ணின் முகத்தை லென்ஸுக்குள்ளால் அவ்வளவு நேரம் பார்த்தவன் நான். அது எப்படியிருந்தது என்றுகூட அவருக்குச் சொல்ல முடியவில்லை.

பிறகொரு நாள் ஒரு டிஸ்க் செத்தது. ஒரு படமும் போகவில்லை. பீரிசைக் காண்பவர்கள், "இந்த ஆணிய எறியவா காக்கா?" என்பார்கள். வேண்டாம் என்பேன். அந்தத் தம்பியின் நினைவாக என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்; கலியாணப் படத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.