அம்மாவின் குதிகாலிலிருந்து வந்த சில்லு

ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. இன்னும் யாருடைய பாதத்தையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. குளிர் அப்படி. போதாக்குறைக்கு, நான் வேலை பார்க்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்குள் போக ஷூவுக்கு மேலேயும் நீலப் பிளாஸ்டிக் உறை மாட்ட வேண்டும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போய்ப் பழகியவளுக்கு, ஷூவுக்குச் சட்டை போடுவது தினமும் சிரிப்பாக வரும். அன்று காலை வரவில்லை. என் பையில், சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள், அம்மாவின் குதிகாலிலிருந்து வந்த சில்லு இருந்தது.

அம்மா உத்திரமேரூர் பக்கம் சாலவாக்கத்தில் இருக்கிறாள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் களத்தில் நெல் காயவைப்பது அவள் வேலை. பரப்பிய நெல்லுக்குள் வெறுங்காலை இழுத்து இழுத்து நடப்பாள். வரிவரியாக நெல் புரண்டு அடியில் இருப்பது மேலே வரும். சர்க்கரை வந்த பிறகு காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. குதிகாலின் பித்தவெடிப்பு புண்ணாகி மாதக்கணக்கில் ஆறவில்லை. நான் லீவில் போவதற்குச் சில நாள் முன்னால் அந்தப் புண்ணிலிருந்து ஒரு சில்லு வந்ததாம். வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. எக்ஸ்ரே தெளிவாக இல்லை என்றார் டாக்டர். எலும்பு அழுகி உதிர்ந்திருக்கலாம், அப்படியென்றால் காலையே எடுக்க வேண்டி வரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அம்மா பிடிவாதமாக மறுத்துவிட்டாள்.

"போனா வெட்டிப்புடுவாங்க. காலு போனா களத்துல எவன் என்ன சேத்துப்பான்? நீதான் பெரிய மிசினு வச்சிக்கினு கீறியே, இன்னான்னு பாத்துச் சொல்லு. நீ சொன்னா போறேன்."

சில்லை இரண்டாக உடைத்து ஒன்றைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். மற்றதைத் தானே வைத்துக்கொண்டாள். அவள் உடம்பு முழுசாக வெளிநாடு போகக் கூடாதாம்.

மேலாளரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கியிருந்தேன். எங்கள் கருவி இரண்டு வேலை செய்யும்: பொருளை ஆயிரம் மடங்கு பெரிதாகக் காட்டும், அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கோடு கோடாக எழுப்பிக் காட்டும். பாதிச் சில்லை நறுக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, மீதிக்கு வழக்கம்போல் மெல்லிசாகத் தங்கம் பூசி உள்ளே வைத்தேன். திரையில் ஒரு வெள்ளைப் பொருக்கு தெரிந்தது. பக்கத்தில் கால்சியம் கோடு கோபுரம் மாதிரி எழுந்து நின்றது. எலும்பென்றால் கால்சியத்தோடு பாஸ்பரஸும் இருக்க வேண்டும். பாஸ்பரஸ் வரும் இடத்தை ஒட்டித்தான் தங்கத்தின் கோடும் வரும். அது இதை மறைத்துவிடும். எட்டு வருட அனுபவக்காரியான நான், புதிதாய்ச் சேர்ந்தவள் கூடச் செய்யாத தப்பைப் பயத்தில் செய்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என்னோடு வேலை பார்க்கும் யூர்கன் எட்டிப் பார்த்தார். கால்சியம் கோட்டைக் கவனித்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். "என் அம்மா" என்றேன். "எப்போது?" "போன மாதம்." அவர் முகம் வாடிவிட்டது. என் தோளைத் தொட்டு, மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லி, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அம்மாவின் அஸ்தியைப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. நீல உறை வழுக்க நடைவழியில் ஓடிப்போய், "இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாள்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

கால்சியம் வெளியிலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாமே என்று தோன்ற, அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். அந்தச் சில்லை எதில் வைத்திருந்தாய் என்று கேட்டேன்.

"எறும்பு இழுத்துக்கினு போயிடும்னு சுண்ணாம்பு டப்பால போட்டு வச்சன். இன்னாத்துக்குக் கேக்கற?"

வெற்றிலைச் சுண்ணாம்பு. அதுவும் கால்சியம்தான். எனக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தங்கம் பூசியதைச் சொன்னேன்.

"எனுக்கே ஒரு மூக்குத்தி இல்ல. என் கால்ல வந்த குப்பைக்குத் தங்கமா?"

மறுநாள் இன்னொரு மணி நேரம் கேட்டு வாங்கி, பத்திரப்படுத்திய பாதியைக் கழுவி, சுண்ணாம்பு போகத் தூரிகையால் தேய்த்து, இந்த முறை கார்பன் பூசினேன். வீட்டு அரிசியில் கிடந்த ஒரு நெல்லின் தோலை ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் ஒட்டினேன். களத்தின் ஞாபகம் ஒரு ஓரத்தில் இருந்திருக்க வேண்டும். கருவிக்குள் காற்றை உறிஞ்சி முடிக்கும் வரை அம்மா ஒற்றைக் காலோடு வாசலில் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்துகொண்டே இருந்தது. படம் தெளிந்தது. இரண்டிலும் ஒரே மாதிரி மேடுகள், நாற்று நட்ட வரிசையாக. கால்சியம் அடங்கிவிட்டது, பாஸ்பரஸ் இல்லை. நெல்லின் தோலில் நிறைந்திருக்கும் சிலிக்கன் மட்டும் உயர்ந்து நின்றது. உமி!

"எலும்பு இல்லம்மா, உமி. வெடிப்புல பூந்துகினு கீது. ஆனா எலும்புக்கு ஒண்ணும் ஆவலன்னு இத வச்சிச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரில புண்ணத் தொறந்து பாக்கணும்."

அம்மா கேட்டாள்: "யாரு வூட்டு நெல்லுடி அது?"

அதைச் சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. எத்தனை களத்தில் காலை இழுத்தாளோ.

திங்கட்கிழமை போகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத்தான் திங்கள். போன் பக்கத்திலேயே கிடக்கிறது, அது அடிக்கும் என்றும் பயம், அடிக்காது என்றும் பயம். உமியில் ஒரு துண்டு சாலவாக்கத்தில் சுண்ணாம்பு டப்பாவில் இருக்கிறது, ஒரு துண்டு இங்கே எண் போட்ட பெட்டியில். இங்கே எதை வைத்தாலும் பதிவேட்டில் உரிமையாளர் யார் என்று எழுதியாக வேண்டும். முனியம்மா என்று அம்மாவின் பெயரை எழுதினேன். அவள் காலம் முழுக்க மிதித்த நெல்லில் அவள் பெயரில் பதிவானது அந்த ஒரு துண்டு உமிதான்.