சுவரில் இரண்டு தட்டு

யோலண்டா கின்டேரோ, வான் நைஸ் என்ற அமெரிக்கப் புறநகரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு வேலை பார்க்கிறாள். சினிமாவுக்கெல்லாம் போகிறவள் இல்லை. அந்தப் படத்துக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுப் பகல் காட்சிக்குப் போனாள். இணையத்தில் ஆபாசத் தொழில் தலையெடுத்த காலத்தைப் பற்றிய குற்றப் படம். அவளுடைய பழைய முதலாளி ரஸ்ஸின் கதைதான் என்று ஊரில் பேச்சு. டியானா என்ன ஆனாள் என்று அதிலாவது சொல்வார்களா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

தட்டச்சு தெரிந்த பெண் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் இளவயதில் ரஸ்ஸின் கிடங்குக்குப் போனாள். அப்பா வேலை பார்த்த கார் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள். என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில், விளக்கு, கேமரா, டியானா. இந்தப் பக்கம் யோலண்டா. இணையத்தில் அவளை நேரலையாகப் பார்த்த வாடிக்கையாளர்கள், தங்களோடு எழுத்தில் பேசுவது டியானாதான் என்று நம்பினார்கள். டியானா விரல் ஓட்டிய விசைப்பலகைக்கு வயரே கிடையாது. பேசியதெல்லாம் யோலண்டா. யாராவது கையசைக்கச் சொன்னால் சுவரில் இரண்டு தட்டு தட்டுவாள். டியானா கையசைப்பாள்.

"என்ன யோலி, நான் இன்னைக்கு ரொம்ப அறிவாளியாப் பேசினேனாமே?" என்று டியானா தன் புரிட்டோ ரொட்டிச்சுருளில் பாதியைப் பிய்த்து நீட்டுவாள்.

"நேத்து உனக்கு ஒருத்தன் மேல காதலே வந்துடுச்சு."

"அடிப்பாவி. ஆளு தேறுவானா?"

ஒரு திங்கட்கிழமை டியானா வரவில்லை. அவள் செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடந்தது. ரஸ் ஒரு பழைய பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

"டியானா எங்க?"

"அதான் உக்காந்திருக்காளே. நீ வேலையப் பாரு."

"போலீஸ்ல சொல்லலாமே ரஸ்."

"சொல்லு. அவ நிஜப் பேரு என்னன்னு கேப்பாங்க. தெரியுமா உனக்கு?"

தெரியாது.

கோடை முழுக்க டியானா முடியை ஒதுக்கினாள், சிரித்தாள், கதவுப் பக்கம் திரும்பினாள். மறுபடி முடியை ஒதுக்கினாள். கையசைக்கச் சொன்னவர்களுக்கு 'கை வலிக்குது கண்ணு' என்று யோலண்டா பதில் அடித்தாள். ஒருநாள் பழக்கதோஷத்தில் சுவரில் தட்டிவிட்டாள். ஆளில்லாத அந்தப் பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கிடங்கின் பக்கமே போகவில்லை.

படம் சப்பென்று இருந்தது. துப்பாக்கி, நீச்சல்குளம், மறுபடி துப்பாக்கி. ரஸ்ஸாக நடித்தவன் ரஸ்ஸைவிட நல்லவனாக இருந்தான். டியானா என்று ஒருத்தி கதையிலேயே இல்லை. அரங்கிலும் யோலண்டாவைத் தவிர ஆளில்லை. போய்விடலாம் என்று கைப்பையை எடுத்தாள்.

அப்போது கதாநாயகனின் தோளுக்குப் பின்னால், மேசைமேல் ஒரு சின்னக் கணினித் திரை தெரிந்தது. அதில் ஒருத்தி முடியை ஒதுக்கினாள். சிரித்தாள். அதே பழைய பதிவு. எங்கிருந்து பிடித்தார்களோ. கதவுப் பக்கம் திரும்பினாள்.

யோலண்டாவின் விரல் நாற்காலியின் கைப்பிடியில் தானாக இரண்டு முறை தட்டியது.

டியானா இந்தப் பக்கம் திரும்பிக் கையசைத்தாள்.

கதாநாயகன் யாரையோ திட்டிக்கொண்டே குறுக்கே வந்தான். அவன் விலகியபோது அந்தச் சின்னத் திரையில் கட்டில் மட்டும் இருந்தது.

அந்தப் பதிவில் கையசைப்பு கிடையாது. ஒருவேளை ரஸ் வெட்டியது போக மிச்சம் இருந்திருக்கலாம். அதை இவர்கள் முழுசாகப் போட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே படம் முடிந்து வெளியே வந்து, டிக்கெட் கொடுக்கிறவனிடம் போய் நின்றாள்.

"அடுத்த காட்சிக்கு ஒண்ணு."

"இதே படமா? மேடம், இத முழுசாப் பாத்ததே நீங்க ஒருத்தர்தான்."

"ஒரு இடம் மட்டும் பாக்கணும்."

அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, விரல் தட்டிவிடாதபடி அழுத்திக்கொண்டாள்.