வாட்டிய பலகையில் ஒரு படகு

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படகு ஆறு மாதம் கிடந்தது. கடல் எங்கே, இலங்கை மலைநாட்டுத் தெமோதரை எங்கே! சுற்றிலும் தேயிலை, தேயிலைக்கு மேல் பனி, பனிக்கு மேல் இன்னும் கொஞ்சம் தேயிலை. தண்ணீர் என்று இருந்தது தோட்டத்துக் குளம் ஒன்றுதான். ஒரு வாய் வெற்றிலை மென்று துப்புவதற்குள் சுற்றி வந்துவிடலாம். அதில் உல்லாசம் போவதற்குத்தான் இரண்டு பெரிய மனிதர்கள் படகு கட்டினார்கள்.

ஒருவர் என் கணவர், தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். மற்றவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை தரும் அந்தக் கை உளி பிடித்ததையும் பார்த்தேன். மருந்தே பரவாயில்லை.

"நான் கடலைப் பாத்து வளந்தனான், தங்கச்சி. எனக்குப் படகு கட்டத் தெரியாதே?"

"பாத்தா போதுமாங்க டாக்டரய்யா? நானுந்தான் தெனம் ரயிலப் பாக்குறேன். ஓட்டவா செய்றேன்?"

அவர் சிரிப்பார். என் கணவர் சிரிக்கமாட்டார், பலகையைத் தடவிக்கொண்டிருப்பார். கல்யாணமான புதிதில்கூட அந்தக் கையில் அத்தனை கனிவு இருந்ததில்லை.

தொண்ணூறுகள் அவை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் கரண்ட் கிடையாது. லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு அந்த முன்னறையில்தான் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்து வந்தேன். பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வந்துகொண்டிருந்தது. தேறாவிட்டால் அடுத்த மாதமே அவர்கள் தலையில் கொழுந்துக் கூடை ஏறும். படகு வந்ததும் பிள்ளைகள் அடுப்படிக்குப் போனார்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வட்டத்தின் பரப்பளவு கண்டார்கள்.

"ஏங்க, அறைய எப்பத் தருவீங்க?"

"பலகை வாடட்டும்."

ஆம், வாட்டினார்கள். சவுக்குப் பலகைகளைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் பரப்பி, சூட்டுக் காற்றில் வாரக்கணக்கில் போட்டார்கள். கொழுந்தைத் தவிர உலகத்தில் எதையும் அறியாதவர்கள் மரத்தையும் கொழுந்தாக்கினார்கள். முறுகக் காய்ந்த பலகைகளை, நடுவே நூல்கூட நுழையாமல் நெருக்கி ஆணி அடித்துவிட்டு, அந்த நெருக்கத்தைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டினார்கள்.

ஒரு போயா தினம், பௌர்ணமி விடுமுறை. சூடம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, படகைக் குளத்தில் இறக்கிக் கட்டிவிட்டு ஆட்டுக்கறி சாப்பிடப் போனார்கள். திரும்பி வருவதற்குள் காய்ந்த பலகைகள் தண்ணீரைக் குடித்து வீங்கியிருந்தன. வீங்க இடமில்லை. ஒன்றையொன்று நெட்டித் தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, அடிப்பக்கம் கூன் போட்டுவிட்டது. கரையில் நின்ற லயத்து ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்களாம்.

படகு வெளியே போன கையோடு நான் பிள்ளைகளை முன்னறையில் உட்கார வைத்திருந்தேன். பின்னேரம், மழைத்தூற்றலில், வாசலில் நனைந்த படகும் அதன் இரண்டு முனைகளில் இரண்டு பேரும்.

"வாட்டினது பத்தல டாக்டரய்யா," என்று சொல்லிக்கொண்டிருந்தார் என் கணவர். "இன்னும் நல்லா வாட்டியிருக்கணும்."

"ஓமோம், அதுதான் பிழை."

அப்புறம் என் கணவர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லு புள்ள, உள்ள வைக்கணும்."

பிள்ளைகள் எழுந்திருக்கப் போனார்கள். உட்காருங்கள் என்றேன். கடைசியில் இருந்தவளிடம், சாரல் அடிக்கிறது, கதவைச் சாத்து என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்துபோய்ச் சாத்தினாள்.

வெளியே கொஞ்ச நேரம் பேச்சுக் கேட்டது. நாங்கள் அடுத்த கணக்குக்குப் போனோம்.