முற்பணம் கொடுத்தவன் வைத்த கையெழுத்து

காசு வாங்குகிறவன்தான் கையெழுத்து வைக்க வேண்டும். இது பதுளைக் கடைத்தெருவில் வாழைப்பழம் விற்கிறவனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது. இத்தனைக்கும் அப்போது எனக்கு ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. வெலிமடையிலிருந்து லொறியில் வந்து இறங்கும் உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் நாள் முழுக்க ஊராருக்கு ரசீது கிழித்துக் கொடுப்பேன். ஊருக்கெல்லாம் ரசீது கொடுத்த மகான் தனக்கு ஒன்று வாங்காமல் வந்த கதை இது.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வாடகை என்றால் என்னவென்று தெரியாது. லயத்து வரிசையில் ஒரு காம்பரா, ஒற்றை அறை. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கும்வரை அதில் படுக்கலாம், பேரை வெட்டினால் பாயைச் சுருட்ட வேண்டியதுதான். நமக்குத் தெரிந்த ஒரே எழுத்து வேலை, கந்தோர் என்ற தோட்ட அலுவலக ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்று, பெரிய கிளாக்கர் விரலால் தட்டிக் காட்டும் இடத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைப்பது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர் எவரையும் நான் கண்டதில்லை. கிளாக்கர் திருப்பி நமக்கு ஒரு கையெழுத்து வைத்துக் கொடுப்பார் என்பதைக் கனவில் கண்டிருந்தாலும் மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டோம்.

கல்யாணம் முடிந்ததும் டவுனில் வீடு எடுப்பதென்று முடிவானது. என் மனைவி கொழுந்து பறிக்கும் வேலையை விட்டாள். கல்யாணம் முடித்து வேலையை விடும் பெண்களுக்குச் சேமலாபக் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள். பாவாடை கட்டிய வயதில் கூடையைத் தலையில் மாட்டியதிலிருந்து அவள் சம்பளத்தில் பிடித்துவந்த காசு. அதில் ஒரு தையல் மெஷின் வாங்குவதாக அவள் நினைத்திருந்தாள். நான் குறுக்கே போய் வீட்டு அட்வான்ஸுக்குக் கேட்டேன்.

“வீட்ட விட்டுப் போறப்ப திருப்பிக் குடுப்பாங்கதானே?” என்றாள்.

அட்வான்ஸ் என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம் என்று, டவுனில் மூன்று தலைமுறையாக வீடு மாறியவனைப் போல விளக்கினேன்.

எங்களுக்கு வாய்த்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற ஒரு பெரிய கிளாக்கர். எங்கள் தோட்டத்தில் இருந்தவர் அல்ல, ஹாலிஎலப் பக்கம் வேறொரு தோட்டம். அதனால் என்ன, கிளாக்கர் கிளாக்கர்தான். முன்வீட்டில் அவர் இருந்தார். பின்னால் இருந்ததைத் தனி வீடு என்று சொன்னார். தனியாகத்தான் இருந்தது. மாடு கட்டிய கொட்டில். மாடு செத்ததும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தகரத்தை மாற்றி, மனிதர்களை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தார். கருவாடு பொரிக்கக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, சொந்தக்காரர்கள் வந்து தங்கக்கூடாது என்று விதிகள். மாட்டுக்கு இந்த விதிகள் இருந்திருக்காது. மாட்டிடம் ஒரு வருட வாடகையை அட்வான்ஸாகவும் கேட்டிருக்க மாட்டார்.

காசு கொடுக்கப் போன அன்று மனைவி தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினாள், காசு கொடுத்ததற்குத் துண்டு எழுதி வாங்காமல் வரவேண்டாம் என்று. அவர் வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் இருந்தார். ஏறி வா என்று யாரும் சொல்லாததால் நான் படிக்குக் கீழேயே நின்றேன். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, காலில் சப்பாத்து, சட்டைப்பையில் பேனா. அப்படியும் கை தானாக முன்னால் கட்டிக்கொண்டது. அவர் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணி மடியில் செருகினார். நான் தொண்டையைச் செருமி, துண்டு என்ற சொல்லில் பாதியை வெளியே விட்டேன்.

“நமக்குள்ள என்ன தம்பி துண்டு? காசா பெருசு, மனுசன்தான் பெருசு.”

பிறகு உள்ளே போய் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு தாளைக் கொண்டு வந்து, கீழே ஓர் இடத்தை விரலால் தட்டினார். அந்தத் தட்டு போதும். பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தேன். அழகாக, அடியில் கோடும் இழுத்தேன். வாசிக்கத் தெரியாமல் இல்லை, ஐயா பார்த்துக்கொண்டிருக்க வாசிப்பது மரியாதை இல்லையே. தாளை ஊதிக் காயவைத்து அவரே எடுத்துக்கொண்டார். பெரிய காரியம் முடித்த திருப்தியோடு நான் வீடு திரும்பினேன்.

“துண்டு குடுத்தாரா?”

“கையெழுத்தெல்லாம் ஆயிருச்சு.”

“யாரு வச்சது?”

நான்தான் என்றேன். மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டாள். அந்தப் பார்வையை இன்றும் வைத்திருக்கிறாள், அவ்வப்போது எடுத்துக் காட்டுவாள்.

மாதா மாதம் வாடகையையும் இதே மாதிரி படிக்குக் கீழே நின்று கொடுத்தேன். ஒரு வருடம் கழித்து, மகன் வரப்போகிறான், மாதக் கடைசியில் வீட்டை விடு என்றார். அட்வான்ஸ் என்று இழுத்தேன்.

“எந்த அட்வான்ஸ்?” என்றார், நிஜமாகவே மறந்தவர் மாதிரி. தாள் வந்தது. அவரே வாசித்து, படிக்காதவனுக்குச் சொல்வதுபோலத் தமிழில் அர்த்தமும் சொன்னார். எந்தக் கொடுப்பனவும் இல்லாமல், அவருடைய இரக்கத்தின் பேரில் நான் தங்கியிருக்கிறேன், சொன்ன நேரத்தில் போய்விடுவேன். கீழே என் கையெழுத்து. கோடு வேறு.

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆகவே எழுதுகிறேன். அவர் முன்வீட்டில் இருமினால் பின்வீட்டில் என் கையிலிருந்து சோறு விழும். கடையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு முன்னால் நின்று, ஐயா இது நியாயமா என்று பேசிப் பழகினேன். மூட்டைகள் ஒப்புக்கொண்டன. அவரைக் கண்டதும் பேச்சு மறந்து, மழை வரும்போல இருக்குங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு வீடு எடுக்க வேறு அட்வான்ஸ் வேண்டும், அது இல்லை. மாதக் கடைசி வந்தது, நாங்கள் போகவில்லை. அவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். மனைவி தெருக் குழாயில் வரிசையில் நின்றாள். காசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வாடகை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. கொடுக்காவிட்டால் பொலிஸ் வருமோ என்று பயம். கொடுக்கப் போனால் அவரைப் பார்க்க வேண்டுமே என்று அதைவிடப் பயம். மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். தபால் கந்தோரில் வாடகை என்று எழுதி மணியோடர் எடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். எங்கள் அடுப்படிக் குசினிக்கும் அவர் வராந்தாவுக்கும் இடையே ஒரு கொய்யா மரம். அந்தத் தூரத்துக்குப் பதிவுத் தபால். கூடவே ஒரு கடிதம். பின்வீட்டுக்கு இம்மாத வாடகை இத்துடன், தங்களிடம் உள்ள ஒரு வருட அட்வான்ஸ் பற்றித் தயவுசெய்து யோசிக்கவும், இப்படிக்குக் கீழ்ப்படிவுள்ள என்று.

தபால்காரர் வந்தபோது கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாருக்கும் ஒரு துண்டு எழுதித் தராத அந்த மனிதர் காக்கி உடுப்பைக் கண்டதும் எழுந்து, சாரத்தைச் சரிசெய்து, காட்டிய இடத்தில் பணிவாகக் கையெழுத்து வைத்தார். வாழ்நாளெல்லாம் தோட்டத் துரைக்கு முன்னால் நின்ற கை அது. அவருக்கும் எனக்கும் வியாதி ஒன்றுதான், அது அவருக்கு வருவதற்குக் கொஞ்சம் பெரிய இடம் தேவைப்பட்டது. அடுத்த மாதமும் அனுப்பினேன். அடுத்த மாதமும் வைத்தார்.

தபால் கந்தோருக்குப் போக நேரம் கேட்டபோது, கடை முதலாளி என்ன விஷயமென்று விசாரித்தார். அவர் முஸ்லிம் வியாபாரி, டவுனில் சில கடைகளை வாடகைக்கு விட்டிருப்பவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“வாடகைண்டு எழுதினியா?”

“அட்வான்ஸ்னும் எழுதினேன், முதலாளி.”

“அந்தாள் மணியோடர மாத்தினாரா?”

“ரெண்டையும் மாத்திட்டாரு. தபால் கந்தோர்ல கேட்டேன்.”

“அப்ப வாடக வாங்கினதுக்கு அவர்ட கையெழுத்து தபால் கந்தோர்ல இருக்கு, இனி நீ சட்டப்படி குடியிருக்கிற ஆள்டா. ஒன்ன எழுப்ப கோட்டுக்குப் போனா, அவர்ட பேரப்பிள்ளைதான் தீர்ப்புக் கேக்கும்.”

வாடகைச் சட்டம் அந்தக் காலத்தில் குடியிருப்பவன் பக்கம். தன் கடைகளில் ஏறி உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியாமல் அவரே நொந்து போயிருந்தார். அதனால்தான் வீட்டுக்காரர்கள் வாடகை என்ற சொல்லை எழுத்தில் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல் ஓடுவார்களாம். இரக்கம் என்று எழுதுவதும், மனுசன்தான் பெருசு என்பதும் அதற்காகத்தானாம். யார் இந்த யோசனையைச் சொன்னது என்று கேட்டார். நானே யோசித்தேன் என்றேன், முகத்தைக் கூடியவரை புத்திசாலித்தனமாக வைத்துக்கொண்டு.

அன்று மாலை கருவாடு வாங்கிப்போய், ஜன்னலைத் திறந்து வைத்துப் பொரிக்கச் சொன்னேன்.

அந்த வாசத்துக்கும் முன்வீட்டில் சத்தமில்லை. என்னை வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பப் போனவரிடம் அவருடைய வக்கீலான புரக்டரும் முதலாளியின் கேள்விகளையே கேட்டிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. இரண்டு நாளில் அவரே கொய்யா மரத்தைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார். என் கை வழக்கம்போலக் கட்டிக்கொண்டது. நாமெல்லாம் ஒரே தண்ணி குடிச்சவங்க தம்பி என்றார், குழாயைப் பூட்டியவர். மகன் வருவது நிச்சயமாம். வீட்டை விட்டால் அட்வான்ஸைத் தந்துவிடுகிறாராம். எந்த அட்வான்ஸ் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது, வாய் திறக்கவில்லை.

“கொண்டாந்து வைக்கச் சொல்லுங்க,” என்றாள் மனைவி குசினியிலிருந்து.

மறுநாள் காசோடு வந்தார். தாளும் வந்தது. ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு தம்பி என்றபடி, தாளை என் ட்ரங்குப் பெட்டிமேல் விரித்து, கீழே ஓர் இடத்தில் விரலால் தட்டினார்.

இத்தனை பட்ட பிறகும், அட்வான்ஸ் இல்லாத ஓர் அறை பார்த்துத் தந்த முதலாளி, காசு கைக்கு வருமுன் கையெழுத்து வைக்காதே என்று அத்தனை சொல்லி அனுப்பிய பிறகும், நான் உட்கார்ந்து பேனாவைத் திறந்து கையெழுத்து வைத்தேன். கோடு இழுக்கும்போதுதான் உறைத்தது, காசு இன்னும் என் கைக்கு வரவில்லை. வேர்த்துப்போய் நிமிர்ந்தேன். அவர் கையிலும் காசு இல்லை.

என் மனைவி முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எண்ணிட்டேன், சரியா இருக்கு,” என்றாள். “கோடு போட்டது போதும், எந்திரிங்க. மெஷின் கடைய பூட்டிருவாங்க.”