என் விரலில் குறை இல்லை

நாங்கள் சித்தேரி மலையில் இருக்கிறோம். அரசு மாதாமாதம் கணக்கில் போடும் ஆயிரம் ரூபாயை, கைரேகை மெஷினோடு ஊருக்கு வரும் பேங்க் ஏஜென்ட்டிடம்தான் வாங்குவேன். இரண்டு மாதமாக, "ரேகை வுழலீங்க. புளி தட்டித் தட்டி உங்க விரலு தேஞ்சிபோச்சி" என்று வெறுங்கையோடு அனுப்பினார். நானும் நம்பி, விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். என் கையைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

மகளின் பள்ளிச் செருப்பு அறுந்த மறுநாள், பஸ் ஏறி அரூர் பேங்குக்கே போய்விட்டேன். பாஸ்புக்கில் கணக்கைப் பதிந்து வாங்கிப் பார்த்தால், இரண்டு மாதப் பணமும் என் ரேகையை வைத்தே எடுக்கப்பட்டிருந்தது. அங்கேயே புகார் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது, ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் முன்னால் பாஸ்புக்கை நீட்டினேன்.

"சும்மா வர்ற காசுக்கு இத்தன ரோசமாங்க?" என்றார்.

"சும்மா வர்ற காசுன்னா நீ ஏன் எடுத்த?" என்று கேட்டேன். பணம் அந்த வாரமே வந்தது.

இப்போதெல்லாம் மெஷின் சீட்டை வாங்கிப் படிக்காமல் நான் நகர்வதில்லை. ரேகை விழவில்லை என்றால், அதற்கும் சீட்டு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதே புளி தட்டும் விரல்தான். ஒரு மாதம்கூட விழாமல் போனதில்லை.